வெள்ளை இலைச் செடி: மார்பிள் குயினா, ஸ்நேக் பிளான்ட்டா, மான்ஸ்டெராவா?

வேரிகேட்டட் செடி, அதாவது இலையில் பச்சையோடு வெள்ளையோ மஞ்சளோ கலந்த செடி வாங்க நினைக்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரு பெயரை முடிவு செய்துவிட்டுத்தான் விசாரிக்கவே வருகிறார்கள். மான்ஸ்டெரா ஆல்போ எங்கே கிடைக்கும், பிங்க் பிரின்சஸ் என்ன விலை, டினெக்கி ரப்பர் செடியை ஹாலில் டிவி பக்கத்தில் வைக்கலாமா, இப்படி. எனக்குத் தெரிந்து இந்த வரிசை தலைகீழ். முதலில் ஜன்னல், அடுத்து அந்த வெள்ளை செடிக்குள் எப்படி வந்தது என்பது, அப்புறம் கத்தரியை எடுக்க உங்களுக்குக் கை வருமா என்பது. விலையும் பெயரும் கடைசி. சென்னை மாதிரி ஊரில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன், ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

ஜன்னலில் ஆரம்பிப்போம். இலையில் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் பச்சையம் கிடையாது, அதனால் அந்த இடம் தனக்கான சாப்பாட்டைத் தயாரிப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் பச்சைதான் அதற்கும் சேர்த்து உழைக்கிறது. பாதி இலை வெள்ளை என்றால் பாதித் தொழிற்சாலை மூடிக்கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அதே இனத்தின் முழுப் பச்சைச் செடியைவிட இவை மெதுவாக வளர்கின்றன, அதிக வெளிச்சம் கேட்கின்றன. ஆனால் நேர் வெயில் பட்டால் முதலில் கருகுவதும் அந்த வெள்ளைப் பகுதிதான். நல்ல வெளிச்சம் வேண்டும், மதிய வெயில் கூடாது. சொல்வதற்குச் சுலபம், வீட்டுக்குள் அப்படி ஓர் இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

வெளிநாட்டு வீடியோக்களில் தெற்கு ஜன்னல்தான் பிரமாதம், வடக்கு ஜன்னல் இருட்டு என்பார்கள். அது லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சரி. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது, ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயிலே நமக்குச் சற்று வடக்கிலிருந்துதான் விழுகிறது. குமரிப் பக்கம் இந்தக் காலம் இன்னும் சில வாரம் நீளும். ஆக நம் ஊர் வடக்கு ஜன்னலுக்கு மே, ஜூன் மாதங்களில் காலையிலும் மாலையிலும் கொஞ்சம் நேர் வெயிலே வந்துவிடும். தெற்கு ஜன்னலில் நவம்பர் முதல் ஜனவரி வரைதான் வெயில் உள்ளே எட்டிப்பார்க்கும், அந்த வெயில் அவ்வளவு கொடுமையானதும் இல்லை. கிழக்கு ஜன்னல் இருந்தால் அதிர்ஷ்டம், கண்ணை மூடிக்கொண்டு அங்கே வையுங்கள். மேற்கு ஜன்னல்தான் வில்லன். ஏப்ரல் மாதம் மூன்று மணி வெயில் கண்ணாடி வழியாக இறங்கினால் டினெக்கியின் வெள்ளை ஓரம் ஒரே வாரத்தில் காகிதம் மாதிரி ஆகிவிடும், மெல்லிய வெள்ளைத் திரை இல்லாமல் அங்கே எதையும் வைக்காதீர்கள்.

எதிர்க் கட்டடம் ஆறடி தள்ளி நிற்கிறது என்றால் திசையைப் பற்றிப் பேசுவதிலேயே அர்த்தமில்லை. போனில் லக்ஸ், அதாவது வெளிச்சத்தின் அளவை அளக்கும் இலவச ஆப் ஒன்றை இறக்கிப் பகல் பதினொரு மணிக்கு அளந்து பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் உங்கள் கண் சொல்லும் பொய்யை அது சொல்லாது. மொட்டை மாடி வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும் எண், இரவு விளக்குப் போட்ட ஹாலில் சில நூறுதான் வரும், நம் கண்ணுக்கு இரண்டுமே வெளிச்சமாகத்தான் தெரிகிறது. ஜன்னலிலிருந்து எட்டடி தள்ளி சோபாவுக்குப் பக்கத்தில் அளந்தால் பெரும்பாலான வீடுகளில் ஆயிரத்தைத் தாண்டாது. அங்கே ஆல்போ வைக்க ஆசைப்படுகிறவர்கள் விளக்குக்கும் சேர்த்துப் பட்ஜெட் போட வேண்டும். ஊதா நிறத்தில் விற்கும் விசேஷ விளக்கெல்லாம் வேண்டாம், சாதாரண வெள்ளை எல்இடி செடிக்கு ஓர் அடி உயரத்தில் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் வேலை நடக்கும்.

சரி, அடுத்து அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், ஆனால் முடிவையே மாற்றுகிற விஷயம் இதுதான்.

சில செடிகளில் அந்தக் கோலம் மரபிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அக்லோனிமா, கலாத்தியா எல்லாம் இந்த வகை. எப்படிப் பெருக்கினாலும் அதே கோலத்தோடுதான் வளரும். சின்டாப்சஸ் பிக்டஸ் என்று மணி பிளான்ட் ஜாடையில் வெள்ளிப் புள்ளிகளோடு ஒன்று விற்கிறார்களே, அதில் தெரியும் வெள்ளி, பச்சையம் இல்லாததால் வந்ததே அல்ல. மேல்தோலுக்கு அடியில் இருக்கும் காற்றிடைவெளியில் ஒளி பட்டுத் திரும்புகிறது, அவ்வளவுதான். வெளிச்சம் சுமாரான வீட்டுக்காரர்கள் இதை ஏன் அதிகம் வாங்குவதில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இன்னொரு பக்கம் மான்ஸ்டெரா ஆல்போ, மஞ்சள் ஓர ஸ்நேக் பிளான்ட்டான லாரன்டி, டினெக்கி ரப்பர் செடி போன்றவை. இவற்றின் வளரும் நுனியில் பச்சை உயிரணுக்களும் வெள்ளை உயிரணுக்களும் ஒரே செடிக்குள் குடித்தனம் நடத்துகின்றன, இரண்டு செடிகள் ஒரே உடம்பில் இருக்கிற மாதிரி. கைமேரா என்பார்கள். சிலவற்றில் இந்த இரண்டு வகையும் அடுக்கடுக்காக ஒழுங்காக உட்கார்ந்திருக்கும், கோலம் மாறாமல் வரும். சிலவற்றில் அப்படி ஒழுங்கு கிடையாது, அடுத்த இலை எப்படி வரும் என்பது அந்த மொட்டு தண்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முழுப் பச்சையாகவும் வரலாம், முழு வெள்ளையாகவும் வரலாம். பச்சைக் கிளை எப்போதும் வேகமாக ஓடும், விட்டுவிட்டால் ஒரு வருஷத்தில் செடியே பச்சையாகிவிடும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் சம இடம் கொடுக்கப் போவதில்லை.

மார்பிள் குயின் மணி பிளான்ட்டை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகவே ஒதுக்குகிறார்கள். சாலையோர நர்சரியில் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற செடியைப் போய் எப்படி அபூர்வம் என்று படம் போட்டுக் காட்டுவது என்ற தயக்கம். நேர்மையாகச் சொன்னால், நல்ல வெளிச்சத்தில் வளர்ந்த மார்பிள் குயின் தொட்டிக்கு முன்னால் நிறைய விலையுயர்ந்த செடிகள் தோற்றுப்போகும். இதன் பூர்வீகம் பிரெஞ்சு பாலினீசியாவில் இருக்கும் மோரியா தீவு, நம் கடலோர ஊர்களின் வெக்கை அதற்கு வீட்டுச் சாப்பாடு. தண்ணீர் மறந்தால் இலை தொங்கிக் காட்டும், ஊற்றினால் மாலைக்குள் நிமிர்ந்துவிடும். வெளிச்சம் குறைந்தால் புது இலைகளில் பச்சை கூடும், பழைய இலை மாறாது. அப்படிப் பச்சையாக ஓட ஆரம்பித்த கொடியை, வெள்ளை நன்றாகத் தெரியும் கடைசிக் கணு வரை பின்னால் வந்து வெட்ட வேண்டும், வெட்டியதைத் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். ஒரு கணு, ஓர் இலை போதும். தவறு செய்தாலும் நஷ்டம் நூறு ரூபாய் என்பதைவிட, தவறைத் திருத்திக்கொள்ள அது இடம் கொடுக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

இதே குடும்பத்தில் என்ஜாய், மஞ்சுளா என்று இரண்டு ரகங்கள் உண்டு, இரண்டுமே இந்தியாவில் கண்டெடுக்கப்பட்டு வெளிநாட்டுக்குப் போனவை. அமெரிக்க நர்சரிகளில் இன்று விலை கொடுத்து வாங்குகிறார்கள், நாம் என்னவோ தாய்லாந்திலிருந்து பார்சல் வரவழைக்கிறோம். என்ஜாயில் இலை சின்னது, பச்சையும் வெள்ளையும் கத்தரித்து ஒட்டியது மாதிரி தனித்தனியாகத் தெரியும். மஞ்சுளாவின் இலை அகலமாக, ஓரம் அலை அலையாக இருக்கும். புளோரிடா பல்கலைக்கழகம் மார்பிள் குயினிலிருந்து உருவாக்கிய பேர்ல்ஸ் அண்ட் ஜேட், என்ஜாய்க்கு நெருங்கிய ஜாடை, வெள்ளைக்குள் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளி இருக்கும், கடைகளில் இரண்டையும் மாற்றி மாற்றி விற்கிறார்கள். மூன்றுமே மார்பிள் குயினைவிட மெதுவாக வளர்பவை. மேசைக்குச் சின்னத் தொட்டி போதும் என்றால் என்ஜாய், பால்கனிக் கம்பியிலிருந்து நீளமாகத் தொங்க வேண்டும் என்றால் மார்பிள் குயின்.

மஞ்சள் ஓரம் போட்ட ஸ்நேக் பிளான்ட், அதாவது லாரன்டி, ஊருக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு. மூன்று வாரம் பூட்டிய வீட்டில் தண்ணீரில்லாமல் இருக்கும், சாகாது. சாகடிக்க வேண்டுமென்றால் வாரம் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள், மழைக்காலத்தில் அடி அழுகிப் போய்விடும். வெளிச்சக் குறைவைத் தாங்கும் என்பது உண்மை, ஆனால் தாங்குவது வேறு, வளர்வது வேறு, இருட்டு மூலையில் வருஷம் முழுக்க ஒரு புது இலைகூட வராமல் நிற்கும். இலையை வெட்டி மண்ணில் நட்டால் புதுச் செடி வரும் என்று பலர் காட்டுகிறார்கள், வரும், ஆனால் லாரன்டியில் அது மஞ்சள் ஓரம் இல்லாமல் வெறும் பச்சையாகத்தான் வரும். மேலே சொன்ன கைமேரா சமாசாரம் அது. மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நடுவது ஒன்றே வழி. அப்புறம், இது காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விலையைக் கூட்டுவார்கள். 1989-இல் நாசா மூடிய சின்னப் பெட்டிக்குள் வைத்துச் செய்த ஆராய்ச்சியைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். ஜன்னல் திறக்கிற ஒரு வீட்டில் நான்கு தொட்டி பெரிதாக எதையும் சுத்தம் செய்துவிடாது. அழகுக்காக வாங்குங்கள், போதும்.

டினெக்கி ரப்பர் செடிக்கு ஹாலில் நிமிர்ந்து நிற்கிற கம்பீரம் இருக்கிறது, தரையில் வைக்கிற பெரிய செடி வேண்டும் என்றால் இந்தப் பட்டியலில் இதற்குப் போட்டியே இல்லை. மேகாலயாவில் உயிருள்ள வேர்ப்பாலம் கட்டுகிறார்களே, அந்த மரம்தான் இது, அதன் வெள்ளை ஓர ரகம். ஜன்னலுக்கு மூன்றடிக்குள் இடம் வேண்டும், இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் கீழ் இலைகளை உதிர்த்துக் கோபத்தைக் காட்டும், உதிர்ந்த இடத்தில் மறுபடி இலை வராது. வெட்டினால் பால் வடியும், தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரொம்ப உயரமாகிவிட்டால் விண்பதியம் போட்டு, அதாவது தண்டிலேயே வேர் விடவைத்து, தலையைத் தனிச் செடியாக எடுத்துவிடலாம், கோலம் மாறாது. நிறைய பேர் இதை ஏசிக்கு நேர் கீழே வைத்துவிட்டு இலை கொட்டுகிறது என்கிறார்கள், அந்த வறண்ட காற்று எந்தச் செடிக்கும் ஆகாது.

ஸ்பைடர் பிளான்ட்டில் சொல்ல அதிகமில்லை. மலிவு, குட்டி போடும், தொங்கவிடலாம். ஒரே புகார் நுனி பழுப்பாவது, அதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் நுனி கருகாத ஸ்பைடர் பிளான்ட்டைப் பார்ப்பது அரிது. வெள்ளை அதிகமுள்ள எந்தச் செடிக்கும் இது ஓரளவு பொருந்தும். ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று செடிக்கு ஊற்றுகிறார்கள், மனசு நல்லதுதான், ஆனால் குழாய்த் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் இன்னும் செறிவாக இருப்பது அதில்தான். அதற்குப் பதில் ஏசி குழாயில் சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடியுங்கள், அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. மழைத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது.

அக்லோனிமாவுக்கு நம் ஊரில் ஒரு தனிக் கூட்டமே இருக்கிறது, அதில் நியாயம் உண்டு. வெளிச்சம் சுமாராக இருந்தாலும் சமாளிக்கும், கோலம் மாறாது, வெக்கை பிடிக்கும், குளிர்தான் ஆகாது, அதனால் ஊட்டிக்காரர்கள் இதைத் தவிர்க்கலாம். பச்சையும் வெள்ளியுமான பழைய ரகங்கள் எதற்கும் அசையாதவை. சிவப்பு, ரோஸ் நிற ரகங்களுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும், இருட்டில் வைத்தால் அந்தச் சிவப்பு மங்கி அழுக்காகத் தெரியும்.

இப்போது மான்ஸ்டெரா. இதற்குத்தானே எல்லோரும் வந்தீர்கள்.

ஆல்போ, தாய் கான்ஸ்டலேஷன் என்று இரண்டு. படத்தில் பார்த்தால் தம்பி அண்ணன் மாதிரி இருக்கும், வளர்ப்பில் சம்பந்தமே இல்லை. தாய் கான்ஸ்டலேஷன், பேர் சொல்வது மாதிரி தாய்லாந்தில் ஆய்வகத்தில் திசு வளர்ப்பில், அதாவது செடியின் சின்னத் துண்டைப் புட்டியில் வளர்த்து உருவாக்கியது. வெள்ளை என்பதைவிட வெண்ணெய் நிறம் என்பது சரி, நட்சத்திரம் தெளித்த மாதிரி இலை முழுக்கப் புள்ளியும் திட்டுமாக இருக்கும். ஒவ்வொரு இலையிலும் கோலம் வரும், முழுப் பச்சைக்குத் திரும்புவது அரிது, முழு வெள்ளையாக வருவதும் அரிது. திசு வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் தயாரிக்க முடிகிறது என்பதால் விலையும் சில வருஷங்களாக இறங்கியிருக்கிறது. இதன் பலவீனம் வேர். சாதாரணத் தோட்டமண்ணில் வைத்து நனைத்துக்கொண்டே இருந்தால் அழுகும், கோகோபீட் என்ற தென்னை நார்த்தூளோடு, பெர்லைட் என்ற லேசான வெள்ளைத் துகளும் மரப்பட்டைத் துண்டும் தாராளமாகக் கலந்து, மேல் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகுதான் தண்ணீர். கோகோபீட்டைக் கழுவி உப்பை நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஆல்போ வேறு பிராணி. பளீர் வெள்ளை, பாதி நிலா மாதிரி இலைகள், அழகில் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைத் திசு வளர்ப்பில் நம்பகமாகப் பெருக்குவது கஷ்டம், பெரும்பாலும் தண்டை வெட்டித்தான் பெருக்குகிறார்கள், அதனால்தான் விலை. அடுத்த இலை எப்படி வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தொடர்ந்து இரண்டு மூன்று இலைகள் முழு வெள்ளையாக வந்தால் சந்தோஷப்படக் கூடாது, பச்சையும் வெள்ளையும் கலந்த தண்டு இருக்கும் கடைசிக் கணுவுக்கு வெட்டியாக வேண்டும், இல்லையென்றால் செடி பட்டினி. பல ஆயிரம் கொடுத்து வாங்கிய செடியின் மிக அழகான இலையை உங்கள் கையால் வெட்டத் துணிவு இருக்கிறதா? நிறைய பேருக்கு இல்லை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்கு இந்தச் செடி சரிப்படாது என்று மட்டும் அர்த்தம். முழு வெள்ளை இலை சில மாதங்களில் ஓரத்திலிருந்து பழுப்பாவதும் நடக்கும், ஈரப்பதக் கருவி வாங்கி ஓட்டினாலும் நடக்கும்.

விலைப் பைத்தியம் எந்த அளவுக்குப் போனது என்பதற்கு ஓர் உதாரணம், 2021-இல் நியூசிலாந்தில் மினி மான்ஸ்டெரா என்று விற்கும் ரஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மாவின் வேரிகேட்டட் செடி ஒன்று, மொத்தம் ஒன்பது இலை, ஏலத்தில் 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போனது. அந்தக் காய்ச்சல் இறங்கிவிட்டது. வெட்டி விற்றுப் பணம் பார்க்கலாம் என்ற கணக்கில் இன்று ஆல்போ வாங்குகிறவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கேட்டால் என் தேர்வு இதுதான். முதல் செடி என்றால் மார்பிள் குயின், யோசிக்கவே வேண்டாம். வெளிச்சம் குறைவு என்றால் வெள்ளிப் புள்ளி சின்டாப்சஸ் அல்லது பச்சை வெள்ளி அக்லோனிமா. பெரிய இலை மான்ஸ்டெராதான் வேண்டும், கிழக்கு ஜன்னலும் இருக்கிறது என்றால் தாய் கான்ஸ்டலேஷன். ஆல்போ, ஏற்கெனவே ஒரு பச்சை மான்ஸ்டெராவைக் கம்பத்தில் ஏற்றி, வெட்டி, வேர்விட வைத்துப் பார்த்தவர்களுக்கு மட்டும். வீட்டில் பூனையோ, எதையும் கடித்துப் பார்க்கும் நாய்க்குட்டியோ, தவழும் குழந்தையோ இருந்தால் இந்தப் பட்டியலே தலைகீழாகும். மணி பிளான்ட், மான்ஸ்டெரா, அக்லோனிமா, சின்டாப்சஸ் எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருக்கின்றன, கடித்தால் வாய் எரிந்து வீங்கும். ஸ்நேக் பிளான்ட்டும் ரப்பர் செடியும்கூட விலங்குகளுக்கு ஆகாதவைதான். அந்த வீட்டுக்கு ஸ்பைடர் பிளான்ட், இல்லையென்றால் கலாத்தியா. கலாத்தியா ஈரப்பதத்துக்கு அடம் பிடிக்கும் என்பது வேறு கதை.

வாங்கப் போகும்போது இரண்டு வலையில் விழாதீர்கள். பிங்க் காங்கோ என்று பளிச்சென்று ரோஸ் நிறத்தில் ஒரு பிலோடென்ட்ரான் வரும், அந்த நிறம் ரசாயனம் கொடுத்து வரவழைத்தது, சில மாதங்களில் புது இலையெல்லாம் பச்சையாகத்தான் வரும். இன்னொன்று நீலம், வானவில் நிற மான்ஸ்டெரா விதை, அப்படி ஒரு செடியே உலகத்தில் கிடையாது.

ஆல்போ துண்டு வாங்குகிறவர்கள் இலைப் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாமல், தண்டின் படத்தைக் கேளுங்கள், குறிப்பாக மொட்டு இருக்கும் பக்கம். பச்சைக் கோடும் வெள்ளைக் கோடும் அந்த மொட்டின் வழியாகவே ஓட வேண்டும். மொட்டைச் சுற்றி முழு வெள்ளை என்றால் அதிலிருந்து வரும் கிளை பிழைக்காது, முழுப் பச்சை என்றால் ஆல்போ விலைக்குச் சாதாரண மான்ஸ்டெரா வாங்குகிறீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் நர்சரிகள் நிறைந்த ஆந்திராவின் கடியத்திலிருந்தோ வேறு எங்கிருந்தோ லாரியில், பார்சலில் வரும் செடிகள் வெந்துபோய்த்தான் வந்து சேரும், ஜூலைக்கு மேல் வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் இலைக்கு அடியிலும் கணுவின் இடுக்கிலும் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் இரண்டு வாரம் மற்ற செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். வேப்பெண்ணெய் அடிப்பதென்றால் சாயங்காலம் அடியுங்கள், வெயிலில் அடித்தால் வெள்ளைப் பகுதி கருகும்.